சோடியம் வெப்பக்குழாயின் திறனை உயர்த்துவது எப்படி

வெப்பக்குழாய் என்பது இரு முனைகளும் அடைக்கப்பட்டு, உள்ளிருக்கும் காற்று முழுவதும் நீக்கப்பட்ட உலோகக் குழாய். அதன் உட்சுவரை ஒட்டி ஒரு திரி இருக்கும். அந்தத் திரியில் ஒரு திரவம் ஊறியிருக்கும். ஒரு முனையைச் சூடாக்கும்போது அங்குள்ள திரவம் ஆவியாகி மறுமுனைக்குப் பாய்கிறது. அங்கே வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகி, அகல் விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போலத் திரியின் வழியே புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. மடிக்கணினிக்குள் இருக்கும் செப்புக் குழாயில் இந்த வேலையை நீர் செய்கிறது. 374 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீர் திரவமாகவே இருக்க முடியாது என்பதால், அதைவிட மிகச் சூடான இடங்களில் உருகிய உலோகமே அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

இந்தக் கருவியின் அடிப்படைக் கருத்துக்கு 1944இலேயே அமெரிக்காவில் காப்புரிமை தரப்பட்டிருந்தது. ஆனாலும் அதற்கு வெப்பக்குழாய் என்று பெயரிட்டுச் செய்துகாட்டியவர் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் குரோவர். 1963இல் அவர் குழு கையாண்ட திரவங்களுள் சோடியமும் ஒன்று. 2018 மார்ச் மாதத்தில் நெவாடாவில் நடந்த கிரஸ்டி என்ற அணு உலைச் சோதனையில், சிறிய யுரேனிய உலையின் வெப்பத்தை, அதை இயக்கமாக மாற்றும் ஸ்டிர்லிங் எந்திரங்களுக்குக் கொண்டுசென்றவையும் சோடியம் வெப்பக்குழாய்களே.

இக்குழாய்களைச் செய்ய முனைபவர்கள் பலர், திறன் குறைவாக இருக்கும்போது முதலில் திரவத்தை மாற்றிப் பார்க்க விரும்புகிறார்கள். என் கருத்தில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய காரியம். போதுமான வெப்பநிலையில் இயக்குவது, திரவம் திரும்பிவரும் வழியை அகலமாக்குவது, ஆக்சிஜனையும் பிற வாயுக்களையும் உள்ளே விடாமலிருப்பது ஆகிய மூன்றுமே திறனைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. இவற்றை விளக்க ஒரே ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். 316 எல் ரகத் துருப்பிடிக்காத எஃகு. உள்விட்டம் 16 மி.மீ.; நீளம் 1 மீட்டர். அதில் 30 செ.மீ. சூடாக்கும் பகுதி, 30 செ.மீ. காப்பிடப்பட்ட நடுப்பகுதி, 40 செ.மீ. குளிர்விக்கும் பகுதி. ஆவி செல்லும் நடுவழியின் விட்டம் 14 மி.மீ. இது 700 டிகிரியில் 2 கிலோவாட் வெப்பத்தைக் கடத்த வேண்டும்.

எந்த உலோகம்

திரவ உலோகம் என்றதும் காலியத்தை நினைப்பவர்கள் உண்டு. காலியம் கைச்சூட்டிலேயே உருகும் என்பது உண்மை. ஆனால் அதன் கொதிநிலை 2000 டிகிரிக்கும் மேலே இருப்பதால், நமக்கு வேண்டிய வெப்பநிலையில் அது ஆவியே ஆகாது. கணினிச் சில்லுக்கும் குளிர்விப்பானுக்கும் இடையே பூசுவதற்கு அது நல்ல பொருள். வெப்பக்குழாய்க்குள் இடுவதற்கு உதவாது. பாதரசம் எஃகை எளிதில் நனைப்பதில்லை. அதன் நச்சுத்தன்மையையும் சேர்த்துப் பார்த்தால் ஒதுக்கிவிடுவதே நல்லது. எஞ்சுபவை கார உலோகங்கள். சீசியம் ஏறத்தாழ 450 டிகிரியிலிருந்தும், பொட்டாசியம் 500 டிகிரியிலிருந்தும், சோடியம் 600 டிகிரியிலிருந்தும், லித்தியம் 1000 டிகிரியிலிருந்தும் நன்றாக வேலை செய்கின்றன.

சோடியத்தின் உருகுநிலை 98 டிகிரி, கொதிநிலை 883 டிகிரி. ஒரு கிலோ சோடியம் ஆவியாக ஏறத்தாழ 4 மெகாஜூல் வெப்பம் வேண்டும், நீருக்கு 2.26 மெகாஜூல்தான். லித்தியத்தின் ஆவியாதல் வெப்பம் சோடியத்தினுடையதைப் போல நான்கு மடங்குக்கும் மேல் என்பதால் அதன்பால் ஈர்க்கப்படுவது இயல்பு. ஆனால் லித்தியம் துருப்பிடிக்காத எஃகையும் நிக்கல் கலவைகளையும் அரித்துவிடும். அதற்கு மாலிப்டினம், டங்ஸ்டன், நியோபியம் போன்ற உலோகங்களில் குழாய் செய்ய வேண்டும். 700 டிகிரியில் அதன் ஆவியழுத்தமும் மிகக் குறைவு. ஆகவே 600 முதல் 900 டிகிரி வரையிலான வேலைக்கு, 316 எல் எஃகு, நிக்கல் கலவைகளான இன்கோனல் 600, ஹேய்ன்ஸ் 230 ஆகியவற்றுள் ஒன்றில் சோடியத்தை இடுவதே தெளிவான தேர்வு. குழாய் பெரும்பாலும் 500 டிகிரியை ஒட்டியே இயங்கப்போகிறது என்றால் மட்டும் பொட்டாசியத்துக்கு மாறுங்கள்.

வெப்பநிலையும் ஒலி வரம்பும்

ஆவி, ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு குளிர்வித்தாலும் கூடுதல் வெப்பம் கடக்காது. இதைத்தான் ஒலி வரம்பு என்கிறோம். சோடியத்தின் ஆவியழுத்தம் 400 டிகிரியில் ஏறத்தாழ 50 பாஸ்கல், 500 டிகிரியில் 550 பாஸ்கல், 600 டிகிரியில் 3,400 பாஸ்கல், 700 டிகிரியில் 14,000 பாஸ்கல். அழுத்தம் குறைந்தால் ஆவியின் அடர்த்தியும் குறைகிறது. அதே வெப்பத்தைச் சுமக்க அது இன்னும் வேகமாக ஓட வேண்டியிருக்கிறது. நம் குழாயில் இந்த வரம்பு 400 டிகிரியில் சுமார் 30 வாட், 500 டிகிரியில் சுமார் 300 வாட், 600 டிகிரியில் சுமார் 1,800 வாட் என்று கணக்கு தருகிறது. 700 டிகிரியில் 2 கிலோவாட் செல்லும்போது ஆவியின் வேகம் நொடிக்கு 80 மீட்டர் அளவில்தான் இருக்கும். ஒலி வேகத்துக்கு அது வெகு கீழே.

எனவே குளிர்விக்கும் பகுதியில் நீர்ச்சுருளை இறுக்கமாகச் சுற்றினால் திறன் கூடும் என்ற எண்ணம் இங்கே தலைகீழாக முடியும். மிகையான குளிர்விப்பு குழாயின் வெப்பநிலையை இழுத்து இறக்கி, ஒலி வரம்புக்குள் தள்ளிவிடும். குளிர்விப்பானுக்கும் குழாய்க்கும் இடையே ஒரு சிறு வாயு இடைவெளி விட்டு, அதில் ஹீலியத்தையும் ஆர்கானையும் தேவைக்கேற்பக் கலந்து நிரப்பினால், வெப்பம் வெளியேறும் வேகத்தை விரும்பியபடி கட்டுப்படுத்தலாம். ஹீலியம் கூடினால் குளிர்விப்பு கூடும்; ஆர்கான் கூடினால் குறையும். இயங்கும் வெப்பநிலையையும் கடத்தும் வெப்பத்தையும் தனித்தனியே மாற்றிப் பார்க்க இதைவிட வசதியான வழி இல்லை.

திரி

திறனை உயர்த்துவதற்கு மிகுந்த இடமிருப்பது இங்கேதான். திரிக்கு இரண்டு கடமைகள் உண்டு. ஆவியும் திரவமும் சந்திக்கும் பரப்பில் அதன் துளைகள் நுண்ணியவையாக இருந்து, திரவத்தை இழுக்கும் நுண்புழை அழுத்தத்தைத் தர வேண்டும். அதே நேரத்தில் திரவம் திரும்பி ஓடும் வழி அகலமாக இருக்க வேண்டும். நுண்ணிய வலையைச் சுவரோடு சேர்த்துச் சுற்றும்போது முதல் கடமை நன்றாக நிறைவேறுகிறது, இரண்டாவது கெட்டுப்போகிறது.

ஓர் அங்குலத்துக்கு 400 இழைகள் கொண்ட எஃகு வலையை எடுத்துக்கொள்வோம். அதன் பயனுறு துளை ஆரம் சுமார் 32 மைக்ரான். 700 டிகிரியில் சோடியத்தின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 0.138 நியூட்டன் என்பதால், கிடைக்கும் நுண்புழை அழுத்தம் 8.7 கிலோபாஸ்கல். ஒரு மீட்டர் உயரத்துக்குச் சோடியத்தைத் தூக்கிவிட இது போதும். ஆனால் இந்த வலையின் மூன்று அடுக்குகளைச் சுவரோடு நெருக்கிச் சுற்றினால், அவற்றின் ஊடே 2 கிலோவாட்டுக்குரிய திரவம், அதாவது நொடிக்கு அரை கிராம், ஓடுவதற்கு 500 கிலோபாஸ்கலுக்கும் மேல் அழுத்தம் தேவைப்படும் என்று கணக்கு சொல்கிறது. கையில் இருப்பதோ 8.7 கிலோபாஸ்கல். அடுக்குகளிடையே தற்செயலாக விழும் இடைவெளிகளால் உண்மையில் நிலைமை சற்று மேம்படலாம். அந்தத் தற்செயலை நம்பி வடிவமைக்கக் கூடாது.

தீர்வு எளிமையானது. வலையைத் தனிக் குழலாகச் சுருட்டி, அதைச் சுவரிலிருந்து அரை மி.மீ. விலக்கி நிறுத்துங்கள். வலை ஆவிப்பக்கத்தில் அழுத்தத்தைத் தாங்கும். வலைக்கும் சுவருக்கும் இடையே உள்ள வளைய இடைவெளியில் திரவம் தங்குதடையின்றி ஓடும். அரை மி.மீ. இடைவெளி, மேலே சொன்ன வலையைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகத் திரவத்தைக் கடத்தவல்லது. நம் குழாயில் 2 கிலோவாட்டுக்கு அதில் ஏற்படும் அழுத்த இழப்பு 150 பாஸ்கல் மட்டுமே. ஆவிப்பாதையின் இழப்பையும், குழாயின் விட்டத்துக்குரிய நீர்மநிலை அழுத்தத்தையும் சேர்த்தாலும் மொத்தம் ஒரு கிலோபாஸ்கலை எட்டாது. சூடாக்கும் முனையை 10 செ.மீ. உயர்த்தி வைத்தாலும், அதற்குரிய 770 பாஸ்கலையும் தாங்கிக்கொண்டு மிச்சம் இருக்கும்.

நீர் நிரப்பிய குழாய்களில் இந்த அமைப்பை ஏன் காண முடிவதில்லை என்ற கேள்வி எழும். விடை திரவத்தின் வெப்பக் கடத்துதிறனில் இருக்கிறது. நம் குழாயின் சூடாக்கும் பகுதியில் ஒரு சதுர செ.மீ.க்கு 13 வாட் நுழைகிறது. அரை மி.மீ. தடிமனுள்ள சோடியப் படலத்தைக் கடக்கையில் அதன் வெப்பநிலை ஒரு டிகிரியை ஒட்டியே குறையும். அதே தடிமனில் அசையாத நீர் இருந்தால் நூறு டிகிரிக்கு நெருக்கமாகக் குறைந்திருக்க வேண்டும். அதற்குள் சுவரில் கொதித்து, குமிழிகளால் திரி அடைபட்டிருக்கும். தடித்த திரவப் படலத்தை எந்த இழப்புமின்றி வைத்துக்கொள்ளும் சலுகையைத் திரவ உலோகம் நமக்குத் தருகிறது. நீர்க் குழாயின் திரியை அப்படியே படியெடுப்பவர்கள் இந்தச் சலுகையைக் கைவிடுகிறார்கள்.

வளைய இடைவெளிக்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. சூடாக்கும் முனையில் வலைக்குழலின் வாய் முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். அங்கே ஒரு பெரிய துளை இருந்தாலும் ஆவி அதன் வழியே இடைவெளிக்குள் புகுந்து திரவத் தொடரை அறுத்துவிடும். பற்றவைத்த மடிப்புகளும் இதே ஆபத்து உள்ள இடங்கள். அதனால் வலைக்குழலைக் குழாய்க்குள் செருகும் முன் குமிழிச் சோதனை செய்தே தீர வேண்டும். குழலை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மூழ்கவைத்து, உள்ளே ஆர்கானை மெல்ல மெல்ல அழுத்துங்கள். மிகப்பெரிய துளையிலிருந்துதான் முதல் குமிழி வெளிவரும். 32 மைக்ரான் துளைக்கு அது ஏறத்தாழ 14 செ.மீ. நீர்மட்ட அழுத்தத்தில் நிகழ வேண்டும், 5 செ.மீ.யிலேயே குமிழி வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டு, அந்த மடிப்பை மறுபடி பற்றவையுங்கள். அரை மணி நேரத்தில் முடியும் இந்தச் சோதனையைத் தவறவிட்டுப் பிறகு சோடியம் நிரப்பிய குழாயை அறுக்க நேர்வது பெரும் துயரம்.

தூய்மை

ஆவியாகும் பகுதி, காய்ச்சி வடிக்கும் வாலையைப் போன்றது. அங்கிருந்து தூய சோடியம் மட்டுமே ஆவியாகிப் போகிறது. கரைந்திருந்த ஆக்சிஜனும் அரித்தெடுத்த உலோகங்களும் அங்கேயே நாளுக்கு நாள் சேர்கின்றன. தொடக்கத்தில் பொருட்படுத்தத் தகாததாகத் தோன்றும் ஆக்சிஜன், சில நூறு மணி நேரத்தில் ஒரே இடத்தில் குவிந்து, எஃகிலுள்ள குரோமியத்தோடு வினைபுரிந்து சுவரை அரிக்கவும் வலைத்துளைகளை அடைக்கவும் தொடங்கும்.

ஆகவே குழாயையும் வலையையும் முதலில் எண்ணெய்ப் பசை போகக் கரைப்பானிலும், பிறகு மீயொலித் தொட்டியில் அயனி நீக்கிய நீரிலும், இறுதியில் ஆல்கஹாலிலும் கழுவுங்கள். அதன்பின் வெறும் கையால் தொடக் கூடாது. வலையை வெற்றிட உலையில் 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி வாயுக்களை வெளியேற்றுங்கள். குழாயைப் பற்றவைத்து முடித்தபின் ஹீலியம் கசிவுகாணியால் ஒவ்வொரு இணைப்பையும் சோதியுங்கள். பிறகு வெற்றிடப் பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாயை அது இயங்கப்போகும் வெப்பநிலைக்கும் மேலாகச் சூடேற்றி, அழுத்தம் தாழ்ந்து நிலைக்கும் வரை அங்கேயே வைத்திருங்கள்.

சோடியத்தில் கரையும் ஆக்சிஜனின் அளவு, வெப்பநிலை இறங்க இறங்க வெகுவாகக் குறைகிறது. உருகுநிலைக்குச் சற்று மேலே, 110 முதல் 120 டிகிரியில், சில மைக்ரான் துளையுள்ள எஃகு வடிகட்டியில் செலுத்தினால் ஆக்சைடு பெரும்பாலும் வடிகட்டியிலேயே தங்கிவிடும். வசதி உள்ளவர்கள் இதோடு நிற்காமல், வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து நேரடியாகக் குழாய்க்குள் இறக்குவது இன்னும் சிறந்தது.

நிரப்புதல்

எவ்வளவு சோடியம் என்பதை அறை வெப்பநிலையில் கணக்கிடுவது பரவலான பிழை. வளைய இடைவெளியும் வலைத்துளைகளும் சேர்ந்து நம் குழாயில் சுமார் 30 கன செ.மீ. இடத்தைக் கொண்டுள்ளன. 700 டிகிரியில் சோடியத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.78 கிராம் என்பதால் வேண்டியது 23.5 கிராம், பாதுகாப்புக்காக 10 முதல் 15 சதவீதம் சேர்த்தால் 26 அல்லது 27 கிராம். அறை வெப்பநிலையின் 0.97 அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டு 29 கிராம் இட்டு, அதன்மேல் பாதுகாப்புக்கென்றும் சேர்த்தால், மிகுதி முழுவதும் குளிர்ந்த முனையில் தேங்கி அங்கே சில செ.மீ. நீளத்தைப் பயனற்றதாக்கிவிடும். குறைவாக நிரப்புவது அதைவிடக் கெடுதல். வளைய இடைவெளி நிறையாவிட்டால் திரவத் தொடரே உருவாகாது.

இந்த வேலையை ஆர்கான் நிறைந்த கையுறைப் பெட்டியில் மட்டுமே செய்ய வேண்டும். சோடியம் நீர் பட்டால் ஹைட்ரஜனை வெளியிட்டுத் தீப்பற்றும். அந்தத் தீயின் மேல் நீரோ, நுரையோ, கார்பன் டை ஆக்சைடோ செலுத்தக் கூடாது. உலர்ந்த சோடியம் கார்பனேட் தூள் அல்லது உலோகத் தீக்கென்றே உள்ள உலர்தூள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 1985 முதல் சோடியத்தால் குளிர்விக்கப்படும் உலையை இயக்கிவரும் கல்பாக்கத்தில் இது அன்றாட ஒழுக்கம். சில கிராம்களையே கையாளும் சிறிய ஆய்வகத்திலும் அதே ஒழுக்கம் வேண்டும். பொட்டாசியத்தைக் கையாள்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: பழைய பொட்டாசியக் கட்டியின் மேல் மஞ்சள் நிறப் படிவு தெரிந்தால் அதை வெட்ட முயலாதீர்கள். அது சூப்பர் ஆக்சைடு. எண்ணெயோடு சேர்ந்து அழுத்தப்பட்டால் வெடிக்கும்.

நனையவைத்தலும் வாயு நீக்கமும்

புதிதாக நிரப்பிய சோடியம் எஃகை உடனே நனைப்பதில்லை. எஃகின் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம் தடுக்கிறது. குழாயைக் கிடையாக உலையில் வைத்து, அதன் முழு நீளத்தையும் ஒரே சீராக 600 முதல் 700 டிகிரியில் பல மணி நேரம் வைத்திருந்தால் சோடியம் அந்தப் படலத்தைத் தின்று, வலையின் ஒவ்வொரு இழையையும் நனைத்துவிடும். நிரப்பியவுடன் பர்னரை ஏற்றிச் சோதித்து, திறன் குறைவு என்று முடிவுகட்டப்பட்ட குழாய்கள் பலவற்றில் குறை இந்தப் பொறுமையின்மையில்தான் இருந்திருக்கும்.

நனைந்தபின் குழாயை இயங்கவிடுங்கள். உள்ளே எஞ்சியுள்ள, குளிர்ந்தாலும் திரவமாகாத வாயுக்களை ஆவி தள்ளிக்கொண்டு போய்க் குளிர்ந்த முனையில் ஒதுக்கிவிடும். நிரப்பும் குழல் அந்த முனையிலேயே அமைந்திருந்தால், வால்வை ஒரு கணம் வெற்றிடத்துக்குத் திறந்து அவற்றை வெளியேற்றலாம். பிறகு அக்குழலை நசுக்கிப் பற்றவைத்து மூடுங்கள். இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், சாதாரண அழுத்தத்தில் ஒரு கன செ.மீ. மட்டுமே இருக்கும் வாயு, 700 டிகிரியில் இயங்கும் நம் குழாயில் 10 செ.மீ.க்கும் மேற்பட்ட நீளத்தை அடைத்துக்கொள்ளும். 500 டிகிரியிலோ ஆவியழுத்தம் மிகக் குறைவாக இருப்பதால், முழுக் குழாயையும் நிரப்பிவிடும்.

தொடக்கம், அறிகுறிகள், நிறுத்தம்

இயக்கத்தின் தொடக்கத்தில் சோடியம் உறைந்திருக்கும். 98 டிகிரியில் உருகினாலும், ஏறத்தாழ 400 டிகிரி வரை ஆவி தொடர்ச்சியாக ஓடும் அளவுக்கு அடர்த்தி பெறாது. இந்தக் கட்டத்தில் வெப்பத்தை அவசரமாக ஏற்றினால், ஆவியாகிச் சென்ற சோடியம் குளிர்ந்த முனையில் உறைந்து நின்றுவிடும்; சூடான முனை வறண்டுபோகும். குளிர்விக்கும் பகுதியைத் தொடக்கத்தில் வெப்பக் காப்பால் போர்த்தி, ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். குழாயின் மேல் ஒளிரும் சிவப்பு முன்விளிம்பு மெல்ல நகர்ந்து மறுமுனையை எட்டுவதைக் கண்ணாலேயே காணலாம். எட்டியபின் காப்பை விலக்கலாம்.

குழாய் நெடுக, வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள்களைப் பொருத்தியிருந்தால், எந்த வரம்பில் சிக்கியிருக்கிறோம் என்பதை அவையே சொல்லும். சூடாக்கும் பகுதியின் வெளிவாய் வரை வெப்பநிலை சீராகச் சரிந்து, குழாய் முழுவதும் தாழ்ந்தே இருந்தால் அது ஒலி வரம்பு. குளிர்விப்பைக் குறைக்க வேண்டும். மறுமுனையில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு அப்பால் மட்டும் குழாய் திடீரெனக் குளிர்ந்திருந்து, வெப்பநிலை ஏற ஏற அந்தக் குளிர்ந்த நீளம் சுருங்கினால் அது வாயு. வெப்பநிலை ஏறியும் சுருங்காவிட்டால் மிகுதியாக நிரப்பிய சோடியம். சூடாக்கும் பகுதியின் கடைக்கோடியில் ஒரே ஒரு தெர்மோகப்பிள் மட்டும் விர்ரென்று ஏறினால் திரி வறண்டுவிட்டது என்று பொருள். நொடியும் தாமதிக்காமல் வெப்பத்தைக் குறைக்க வேண்டும். இதனால்தான் திறனை அளக்கும்போது நூறு வாட் படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் வெப்பநிலைகள் நிலைகொள்ளும் வரை காத்திருக்கச் சொல்கிறோம்.

நிறுத்தும்போதும் இதே நிதானம் தேவை. வெப்பத்தைச் சட்டென அறுத்து நிறுத்தினால் சோடியம் இருந்த இருந்த இடத்திலேயே உறையும். அடுத்த முறை சூடாக்கும் பகுதியில் போதிய திரவம் இருக்காது. படிப்படியாகக் குறையுங்கள், குளிர்விக்கும் பகுதியை மீண்டும் காப்பால் போர்த்தி, சூடாக்கும் முனையைச் சற்றே தாழ்த்தி வைத்து, முழுக் குழாயும் 98 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை அப்படியே விட்டுவிடுங்கள். திரவம் திரிக்குள் திரும்பி, வளைய இடைவெளி நிறைந்த நிலையில் உறைந்திருக்கும். அடுத்த தொடக்கம் அங்கிருந்தே புறப்படும்.